பலகைக்குப் பின்னால் இருந்த நிறம்

சுவரில் அது பதினோராவது பூச்சு. உள்ளங்கை அகலத்துக்குத் தீற்றிவிட்டு, பிரஷை டின் விளிம்பில் வழித்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அவள் கணவர், தொழிலில் பெயிண்டர், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஈரத்தில் நிறம் பார்க்கிறவன் பெயிண்டரே இல்லை என்பது அவர் கட்சி. காலையில் தீற்றினால் சாயங்காலம்தான் தீர்ப்பு. அதற்குள் அவள் பாலைச் சுடவைத்து ஆற்றிக் கொடுத்தாள், உடம்பு துடைத்துவிட்டாள், போர்வை மாற்றினாள், ஜன்னலுக்கு வெளியே போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம் வந்து அடங்கியது. சாயங்காலம், "இல்ல," என்றார். பதினோரு நாளும் அதே ஒரு சொல்தான். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் நோயே இருக்காது.

மருத்துவமனையில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்து மூன்று வாரம் ஆகிறது. கல்லீரலில் தொடங்கியது எங்கெங்கோ கிளை விட்டிருந்தது. டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல், இனி மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்காகவே யோசியுங்கள் என்று சொல்லிவிட்டார். வெளியூரில் வேலை பார்க்கிற மகன் ஓடிவந்து ஆக வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, அப்பாவுக்கு என்ன ஆசை என்று கேட்டான். ஏதாவது சாப்பிடக் கேட்பார், யாரையாவது பார்க்கணும் என்பார் என்று நினைத்திருப்பான். அவரோ கட்டிலைச் சின்ன ரூமுக்கு மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். அந்த ரூமைப் பழைய கலரில் ஒரு தடவை பார்க்கணும் என்றார். மகனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது வெள்ளைதான். அவளுக்குப் பிடிபட்டது. அந்தக் கலரை அடித்ததும் இந்த மனுஷன்தான், அழித்ததும் இந்த மனுஷன்தான்.

நிறம் என்று வந்துவிட்டால் அது கொஞ்சம் கிறுக்குப் பிடித்த வீடு. அவர் நாற்பது வருஷப் பெயிண்டர். அவள் முப்பது வருஷமாகத் தையல் சாமான் கடையில் நூல் எடுத்துக் கொடுப்பவள். துணியின் ஓரத்தில் விரலகலம் கத்தரித்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். அவள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு தரம் பார்த்துவிட்டு, இருநூற்றுச் சொச்சம் நூல்கண்டுகளில் பொருந்துகிற ஒன்றை நேராகப் போய் எடுப்பாள். இப்படி இரண்டு பேர் ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்தால் வெறும் பச்சை, வெறும் சிவப்பு என்று சொல்லவே வாய் வராது. கல்யாணமான புதிதில் வாளி வாங்கப் போய், அது நீலமா ஊதாவா என்று கடையிலேயே மல்லுக்கு நின்று, வாளி வாங்காமல் திரும்பிய ஜோடி அது. அன்றையிலிருந்து அவர் அவளை நூல்காரி என்றுதான் கூப்பிடுகிறார். இப்போதும் சண்டை அதேதான். சின்ன ரூம் பச்சை என்கிறார் அவர், வெள்ளரிப்பிஞ்சின் உள்பக்கம்போல. நீலம் என்கிறாள் அவள், வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தை நாலு மடங்கு நீர்க்க விட்டதுபோல. எந்தக் கம்பெனியின் கலர் அட்டையைப் புரட்டினாலும் அது கிடைக்காது. மூன்று வீடுகளில் மிஞ்சிய டின்களைக் கலந்து அவராகச் செய்த நிறம் அது.

மகளுக்காகச் செய்தது. மகனுக்கு மூத்தவள். கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சின்னதாகப் பிறந்ததால் அப்பா அவளைப் பட்டாணி என்றார். பள்ளிக்கூடத்துக்கு வேறு பெயர் இருந்தும் வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. சுவரில் கிறுக்கினால் துடைத்துக்கொள்ளலாம் என்று செலவைப் பார்க்காமல் ஆயில் பெயிண்டாகவே அடித்தார். பட்டாணியும் அவர் நம்பிக்கையை வீணாக்காமல் கிறுக்கித் தள்ளினாள். ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. நாலே நாள். ஐந்தாம் நாள் வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கிடந்தாள். திரும்பி வந்து சின்ன ரூம் கதவைத் திறந்தபோது நாலு சுவரும் வெள்ளையாக இருந்தன. ஒரு கிறுக்கல் இல்லை, ஒரு விரல் அடையாளம் இல்லை, பெயிண்ட் வாடை மட்டும் குப்பென்று வந்தது.

அன்றைக்கே அவள் கத்தித் தீர்த்திருக்க வேண்டும். கத்தவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லிவிடுவார், அந்தப் பதிலோடு ஒரே வீட்டில் இருக்க முடியாமல் போய்விடும் என்று பயந்தாள். பிறகு சமைத்தாள், துவைத்தாள், கடைக்குப் போனாள், மகனை ஆளாக்கினாள். அவரோடு சிரிக்காமலும் இல்லை. வாழ்க்கை ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஓர் இடத்தில் அவள் அவரோடு இருபத்திரண்டு வருஷமாகப் பேசவில்லை. அவரும் அந்தக் குழந்தையின் பெயரை வாயில் எடுத்ததில்லை. இப்போது மனுஷன் கிளம்பப் போகிறார். கேட்காமல் விட்டால் மீதிக் காலம் முழுக்க இந்தச் சுவர்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்டாலோ, போகிற உயிரைக் கூண்டில் ஏற்றிய பாவம். இப்படியும் முடியாமல் அப்படியும் முடியாமல் தினம் ஒரு பூச்சு தீற்றிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஏணி வந்தார். ஏணி என்பது பெயிண்டரோடு ஆரம்பத்திலிருந்து வேலை செய்த கூட்டாளி. பரணுக்கும் கூரைக்கும் ஏறாமலே கை எட்டும் என்பதால் அந்தப் பெயர். தினமும் நிறம் கலந்து கொடுத்தனுப்பியவர் அவர்தான். கலந்து கலந்து அவருக்கே சலித்துப்போயிருக்க வேண்டும். எதற்கு இந்தக் குருட்டு வேலை, அடியில் பழைய கலர் இருக்குமே என்று பிளேடையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எந்த வீட்டுச் சுவரையும் இப்படித் தேய்த்தால் அந்த வீடு உடுத்திய நிறமெல்லாம் வளையம் வளையமாகத் தெரியும். கதவோரம், ஜன்னலடி, மூலை என்று நாலு இடத்தில் தேய்த்துப் பார்த்தார். வெள்ளை, அதற்கடியில் பிரைமர், அதற்கடியில் சிமெண்ட். வேறொன்றும் இல்லை.

"சிமெண்ட் வரைக்கும் சுரண்டிட்டுத்தாண்ணே அடிச்சிருக்கீங்க," என்றார் ஏணி. பாராட்டாகத்தான் சொன்னார். மேலோட்டமாகத் தேய்த்துப் பூசி மெழுகிவிட்டுப் போகிறவர்கள் நடுவில் இப்படி ஒரு வேலையா என்று அவருக்கு வியப்பு. பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்கோ அந்தச் சிமெண்ட் தெரிந்த நாலு இடத்தையும் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஏணி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவருக்கு ஸ்பூனில் சூப் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவளையும் மீறி வந்துவிட்டது.

"ஒரு பொட்டுகூட விட்டுவைக்க மனசு வரலையா உங்களுக்கு?"

இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள் எழுதி எழுதி அழித்த கேள்வி இது இல்லை. ஆனால் வந்தது இதுதான். அவர் சூப்பை விழுங்கினார். மிக மெதுவாக, வலிக்காமல் திரும்புவதற்கு வழி தேடுகிறவராய், அவள் பக்கம் திரும்பினார்.

"நீதானே சொன்ன," என்றார்.

"நான் என்ன சொன்னேன்?"

"உங்கக்கா வீட்டுக்குக் கெளம்புறப்ப. பையனை இடுப்புல வச்சுக்கிட்டு இந்த ரூம் வாசல்ல நின்ன. இதை என் கண்ணால பாக்க முடியல, ஏதாவது பண்ணுங்கன்னு சொன்ன. நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

ஸ்பூன் கையிலேயே இருந்தது. சொன்னாள். ஆமாம், சொன்னாள். நினைவே இல்லாத அந்தச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்ததும் தன்னுடையவைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது கதறல். வேறு எந்த ஆணாக இருந்தாலும் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதிருப்பான். இவரோ, வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போன வேலையாக அதை எடுத்துக்கொண்டார். வீட்டில் குடியிருக்கிறவர்கள் இப்படி வேண்டும் என்றால் ஏன் என்று கேட்காமல் முடித்துக் கொடுப்பதுதான் அவர் அறிந்த மரியாதை. அதையே பெண்டாட்டிக்கும் செய்திருக்கிறார்.

கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னார். முதலில் சுரண்டவில்லை, மேலேயே அடித்தார். பட்டாணி கிறுக்கியதெல்லாம் மெழுகுக் கலர். மெழுகின்மேல் பெயிண்ட் நிற்காது. ஒரு கோட்டிங் அடித்துக் காய்ந்ததும் பூனை மேலே வந்தது. இன்னொன்று அடித்தார், பஸ் வந்தது. மூன்றாவதும் அடித்தார், குடை பிடித்த நாலு பேரும் மறுநாள் காலையில் சுவரில் நின்றார்கள். அப்புறம்தான் பிளேடை எடுத்தார். ஏணியைக்கூட உள்ளே விடவில்லை. ஆறு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சுரண்டினார். "நீ வந்து பாத்தா தாங்கமாட்டியேன்னு..." என்றவர் முடிக்கவில்லை. அவள் சூப் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவருடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷக் கோபம் அது. அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்மேலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் அழுகை முந்திக்கொண்டது.

வெகுநேரம் கழித்து அவர் கையைத் தூக்கி எதிர்ச்சுவரைக் காட்டினார். அங்கே ஒரு குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு சாண் அகலமும் ஒரு முழம் நீளமுமாக ஒரு பலகை அறையப்பட்டிருந்தது. பள்ளிக்கூடப் பை மாட்டுவதற்காக இரண்டு கொக்கி வைத்து அவர் அடித்துக் கொடுத்தது. இத்தனை வருஷமாகக் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அத மட்டும் கழட்டல," என்றார். "பை தொங்கிட்டிருந்துது. அத எடுக்க எனக்குக் கை வரல."

உண்மைதான். அக்கா வீட்டிலிருந்து வந்த அன்று அந்தப் பை பலகையிலேயே தொங்கியது. பெயிண்ட் படாமல் அதைச் செய்தித்தாளால் பொதிந்து நூல் கட்டியிருந்தது. அவள்தான் பிரித்து எடுத்துப் பெட்டியில் வைத்தாள். துணி மாட்டுகிற ஆணியைக்கூடப் பிடுங்கிவிட்டு வேலையை ஆரம்பிக்கிற மனுஷன் அதை மட்டும் ஏன் விட்டார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இது தெரிந்துகொண்டே பன்னிரண்டு நாள் என் உயிரை வாங்கினீர்களா என்று கேட்டதற்கு, பார்க்கப் பயமாக இருந்தது என்றார் சாதாரணமாக.

திருப்புளியைக் கொண்டுவந்து அவளே கழற்றினாள். திருகாணிகள் பெயிண்டில் இறுகியிருந்தன. கத்தியால் ஓரத்தைக் கீறிப் பலகையை நெம்பியதும் அது படக்கென்று கையோடு வந்தது. பின்னால் நீள்சதுரமாக, பளபளப்பு மங்காமல், பச்சை. சந்தேகமே இல்லாத பச்சை. தோற்றுப்போனதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று திரும்பினாள். அவர் தலையை அசைத்தார்.

"இல்ல. மஞ்சளடிச்சிருக்கு. ஆயில் பெயிண்ட் இருட்டுல கெடந்தா அப்படித்தான் ஆகும். வெயில் காட்டினா திரும்பும்."

ஜெயித்த நேரத்திலும் தொழிலுக்குத் துரோகம் செய்ய முடியாத ஆளை என்னவென்று சொல்வது. எத்தனை நாளில் திரும்பும் என்று கேட்டாள். பத்து நாள் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம் என்றார். மறுநாள் ஊசி போட வந்த நர்ஸம்மா அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, இனி ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு கணக்கும் அவள் தலைக்குள் அருகருகே நின்றன. ஒன்றுக்கொன்று வழிவிட மாட்டேன் என்றன.

அந்தச் சுவருக்கு நேர் வெயில் கிடையாது. ஆகவே கண்ணாடி. முகம் பார்க்கும் கைக்கண்ணாடியை அவர் வயிற்றின்மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் விழுகிற வெயில் கண்ணாடியில் பட்டு எதிர்ச்சுவருக்குப் போயிற்று. கை நடுங்க, வெளிச்சமும் நடுங்கியது. வெயில் நகர நகர அவரும் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்புவார். கண் செருகிவிட்டால் அவள் வாங்கிக்கொள்வாள். இரண்டு பேருக்கும் கை அசந்துபோனால், புத்தகங்களை அண்டைகொடுத்து நாற்காலியில் நிறுத்திவைப்பாள். நாற்பது வருஷம் உழைத்த கைக்கு அதுதான் கடைசி வேலை. அதையும் மனுஷன் கண்ணும் கருத்துமாகத்தான் செய்தார்.

அந்த நாட்களை நாட்கள் என்று சொல்வதா என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியிருக்கலாம். காலையும் மாலையும் அந்த ரூமுக்குள் ஒன்றாகக் கரைந்துவிட்டன. மருந்தின் மயக்கத்தில் அவர் பாதி இங்கே, பாதி வேறெங்கோ இருந்தார். வாயில் எடுக்காத பெயர் இப்போது தாராளமாக வந்தது. பட்டாணிக்கு ஷூ கட்டத் தெரியாது, ரெண்டு முடிச்சையும் நான்தான் போடுவேன் என்பார். தெரியும் என்பாள் அவள். பட்டாணி பூனைக்கு எப்பவும் அஞ்சு கால் வரைவா என்பார். அஞ்சாவது வால் என்று அவள் திருத்துவாள். ஒரு பகலில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர், சுவரைப் பார்த்து, வெளிச்சத்தை மறைக்காதடா, கொஞ்சம் தள்ளி நில்லு என்றார். அவள் கட்டிலின் மறுபக்கம்தான் இருந்தாள். சுவருக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் அவள் எழுந்துபோய் அங்கே கிடந்த முக்காலியை எடுத்து நகர்த்தி வைத்தாள், நிற்கிறவர்களுக்கு இடம் வேண்டும் என்பதுபோல. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

இன்னொரு நாள், உங்களுக்கு எப்படி அது பச்சை ஆயிற்று என்று கேட்டாள். கலந்தவரே நீங்கள்தானே. அவருக்கே அது புதிராகத்தான் இருந்தது. யோசித்து யோசித்துச் சொன்னார். விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார், வரும்போது இருட்டிவிடும். அந்த ரூமில் அவர் உட்கார்ந்ததெல்லாம் குண்டு பல்பு வெளிச்சத்தில்தான், பெரும்பாலும் பிள்ளை தூங்கிய பிறகு. மஞ்சள் வெளிச்சத்தில் அந்த நீலம் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும். அவ்வளவுதான். பகலில் பட்டாணியைப் பார்த்ததே கொஞ்சம்தான் என்று அவர் சொன்னபோது, அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் போய்க்கொண்டிருந்தது. பச்சை இளகி, நேற்றைவிட இன்று நீலத்தின் பக்கம் ஒரு நூல் நகர்ந்திருந்தது. அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள். ஜெயிக்க அவளுக்கு இஷ்டமில்லை. அது அப்படியே பச்சையாக நின்றுவிட்டால், எத்தனை நாளானாலும் காத்திருக்க வேண்டியதுதானே என்று ஓர் அசட்டு ஆசை.

நர்ஸம்மா சொன்ன நாள் கடந்தது. எப்படித் தாங்குகிறார் என்று அந்தம்மாவே ஆச்சரியப்பட்டார். வெயில் காட்டத் தொடங்கிய பதின்மூன்றாம் நாள் நிறம் நகரவில்லை. பதினாலாம் நாளும் அப்படியே நின்றது. பெயிண்டருக்குக் கண்ணாடி பிடிக்க இப்போது கை எழும்பவில்லை. பார்த்துவிட்டு, "இதுதான்," என்றார். அவள் கடையிலிருந்து ஒரு பெட்டி நூல்கண்டுகளை வாங்கி வந்து, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அந்தச் சதுரத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. இரண்டு கண்டுகளிலிருந்து ஒவ்வோர் இழை எடுத்து முறுக்கினாள். பொருந்தியது. அந்த முறுக்கிய நூலைப் பார்த்து ஏணி நிறம் கலந்தார். சுவரில் சுரண்டிய இடங்களுக்குப் பட்டியும், திருகாணி ஓட்டைகளுக்கு அந்த நிறத்தையே கலந்த பட்டியும் வைத்து, பழைய பூச்சின் ஓரங்களையும் கைக்குத் தட்டாமல் சமப்படுத்தினார். அடிக்கிற வேலையை அவளே செய்கிறேன் என்றதும், அண்ணி சொன்னால் சரி என்று பிரஷைக் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தாள். பெயிண்டர் பேசுகிற நிலையில் இல்லை. மூச்சு ஒரு முறை வந்து, அடுத்தது வருமா என்று யோசித்து வந்தது. ஆனாலும் பிரஷ் போகிற பக்கம் கண் போயிற்று. எதிர்ச்சுவர் முழுக்க அடித்தாள். பழைய சதுரத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் ஒரு சொட்டுக்கூடப் படாமல், விளிம்போடு நிறுத்தினாள். அது அப்படியே இருக்கட்டும். பட்டாணிக்காக அவர் அடித்ததென்று சுவரில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சாண்தான். ஈரத்தில் புதியது கருத்துத் தெரிந்தது, பழையது நடுவில் தனியாகத் தெளிவாக நின்றது. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். வெயில் ஜன்னலை விட்டுப் போயிற்று. ரூம் நிறைய, எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத வெளிச்சம் இருந்தது. அவள் ஒரு கணம் கண்ணயர்ந்திருக்க வேண்டும்.

"காஞ்சுடுச்சா?"

குரல் கேட்டு நிமிர்ந்தாள். அவர் கண் திறந்திருந்தது.

"காஞ்சுடுச்சு."

"பழசு எங்க இருக்கு?"

அவள் சுவரைப் பார்த்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே நிறம். எழுந்து கிட்டே போனாள். பலகை இருந்த உயரம் அவளுக்குத் தெரியும், ஜன்னலிலிருந்து எத்தனை எட்டு என்பதும் தெரியும். நேராக அந்த இடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். இருநூற்றுச் சொச்சம் நூல்களைப் பிரித்தறிந்த கண்ணுக்கு அது அகப்படவில்லை.

"சொல்லு, நூல்காரி," என்றார் அவர், மிக மெல்ல.

அவள் உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். குளிர்ச்சியாக, வழவழப்பாக இருந்தது. ஓரம் எங்கேயாவது தட்டுகிறதா என்று, திரும்பினால் அந்தக் குரல் நின்றுவிடுமோ என்பதுபோலத் திரும்பிப் பார்க்காமல், கையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள்.